பெரிய டீசல் எஸ்யூவியிலிருந்து ஹைப்ரிட் குடும்பக் காருக்கு: மாறும் முன்பும் மாறிய பின்பும் செய்ய வேண்டியவை

பெரிய டீசல் எஸ்யூவியைக் கொடுத்துவிட்டு ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த கார்) எடுக்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்: மைலேஜ். விளம்பரத்தில் லிட்டருக்கு 27.97 கி.மீ. என்று போட்டிருக்கிறான், என் வண்டி 11 தருகிறது, அப்படியானால் பாதிக்கு மேல் மிச்சம் என்று கணக்குப் போடுகிறார்கள். சிலருக்கு இந்தக் கணக்கு கிட்டத்தட்ட சரியாகவே வரும். சிலருக்குப் பத்து வருடம் ஓட்டினாலும் போட்ட காசு திரும்பாது. எந்தச் சாலையில், வருடத்துக்கு எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

ஃபார்ச்சூனர், எண்டவர், சஃபாரி, எக்ஸ்யூவி500, ஸ்கார்பியோ மாதிரி ஒரு டீசல் வண்டியைச் சில வருடங்கள் ஓட்டிவிட்டு, சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் குடும்பத்துக்காக அடுத்த காரைத் தேடுபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எண்டவர்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு கவலையும் உண்டு. மறைமலை நகரில் தயாரான வண்டி அது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததிலிருந்து உதிரிபாகம் பற்றிய யோசனை அவர்களுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

படி 1: இப்போதைய வண்டியை முதலில் அளந்து பாருங்கள்

டேஷ்போர்டுத் திரை காட்டும் மைலேஜை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பங்கில் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்புங்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வையுங்கள். அடுத்த முறை அதே பங்கில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுங்கள். தொடர்ந்து மூன்று முறை செய்தால் ஓரளவு நம்பக்கூடிய எண் கிடைக்கும்.

அதோடு இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: நகரத்துக்குள் எத்தனை கிலோமீட்டர், ஹைவேயில் எத்தனை. கூகுள் மேப்ஸ் டைம்லைன் வைத்திருப்பவர்களுக்கு இது பத்து நிமிட வேலை. "நான் அடிக்கடி லாங் போவேன்" என்று சொல்பவர்களில் பலர், எண்ணிப் பார்த்தால் வாரத்தில் ஐந்து நாள் ஆபீசுக்கும் ஸ்கூலுக்கும் நடுவில்தான் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது கணக்கு. வருடத்துக்கு 12,000 கி.மீ., டீசல் 92 ரூபாய், பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முழுக்க நகர ஓட்டம் என்றால், லிட்டருக்கு 9 கி.மீ. தரும் எஸ்யூவிக்கு வருடத்துக்குச் சுமார் 1,22,700 ரூபாய் டீசல். மாருதி கிராண்ட் விட்டாரா அளவிலான ஸ்ட்ராங் ஹைப்ரிட் (மோட்டாரால் மட்டுமேகூட ஓடக்கூடியது, படி 3-இல் விளக்குகிறேன்) 22 கி.மீ. தந்தால் பெட்ரோலுக்கு 55,100. மிச்சம் 67,000 ரூபாய்க்கு மேல். ஏழு பேர் அமரும் இன்னோவா ஹைகிராஸ் 15.5 தந்தால் 78,200. மிச்சம் 44,500.

முழுக்க ஹைவே என்றால் கதையே வேறு. அதே எஸ்யூவி சீரான வேகத்தில் 13 தரும், செலவு 84,900. ஹைகிராஸ் 16 தந்தால் 75,750. மிச்சம் வருடத்துக்கு 9,000 சொச்சம். மாதத்துக்கு 800 ரூபாய் கூட இல்லை.

காரணம் எளிது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைப் பிடித்துவைத்து, நின்று கிளம்பும்போது திருப்பித் தருவதுதான் ஹைப்ரிட் செய்யும் முக்கிய வேலை. கத்திப்பாராவிலும் அவிநாசி சாலையிலும் அதற்கு வேலை கொட்டிக் கிடக்கிறது. திருச்சி நாற்கரச் சாலையில் நூறில் போகும்போது பிரேக் பிடிப்பதே அபூர்வம். அங்கே அது நல்ல பெட்ரோல் கார், அவ்வளவுதான்.

ஆக, வாரா வாரம் சென்னை – மதுரை போய் வருபவர், உள்ள டீசல் வண்டி நன்றாக ஓடுகிறது என்றால், இப்போதைக்கு மாற வேண்டாம் என்பேன். நேர்மாறாக, தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மட்டும் நகரத்துக்குள் ஓடும் பிஎஸ்6 டீசல் என்றால் மாறுவதற்கு மைலேஜைத் தாண்டிய காரணமும் இருக்கிறது. புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நல்ல சூட்டோடு கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். குட்டிக் குட்டி ஓட்டத்தில் அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். அப்புறம் சர்வீஸ் சென்டர் அலைச்சல்தான்.

படி 2: ஏழு சீட் எத்தனை நாள் வேண்டும்?

வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய படி இதுதான். ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே பேசிவிடுங்கள். அங்கே போனால் விற்பவர் பேசுவார்.

போன வருடம் வண்டியில் ஐந்து பேருக்கு மேல் ஏறிய நாட்களை எண்ணுங்கள். குலதெய்வம் கோயில், ஒரு கல்யாணம், தீபாவளிக்கு ஊர் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றால், அந்த நாட்களுக்கு டிரைவரோடு ஒரு இன்னோவாவோ டெம்போ டிராவலரோ வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சில நாட்களுக்காக மீதி நாளெல்லாம் இரண்டு டன் இரும்பை இழுத்துக்கொண்டு ஆபீஸ் போக வேண்டியதில்லை. பெற்றோர் கூடவே இருக்கிறார்கள், பிள்ளைகள் இரண்டு, வாரக் கடைசியில் எல்லோரும் சேர்ந்துதான் கிளம்புவோம் என்றால் மூன்றாவது வரிசை உங்களுக்கு உண்மையான தேவை. அதை யாரும் ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

பெரியவர்கள் ஏறி இறங்குவதையும் பாருங்கள். ஃபார்ச்சூனர் சட்டகத்தின் மேல் உடலை ஏற்றிக் கட்டிய வண்டி. ஃபுட்போர்டில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். மூன்றாம் வரிசையில் தரை உயரமாக இருப்பதால் முழங்கால் மார்புக்கு வந்துவிடும். ஹைகிராஸ் முன்சக்கர ஓட்டம் கொண்ட ஒற்றை உடல் வண்டி. தரை தாழ்வு, நேராக உட்காரலாம். மூட்டு வலி உள்ள அம்மாவுக்கு இந்த வித்தியாசம் மைலேஜை விடப் பெரிது. ஹோண்டா சிட்டி மாதிரி செடான் என்றால் பிரச்சினை தலைகீழ்: இறங்கி உட்கார்ந்துவிடலாம், எழுந்து வருவதுதான் கஷ்டம்.

டிக்கியைக் கட்டாயம் திறந்து பாருங்கள். ஹைப்ரிட் பேட்டரி எங்கேயாவது உட்கார வேண்டுமே. கிராண்ட் விட்டாராவில் மைல்ட் ஹைப்ரிட் மாடலுக்கு டிக்கி 373 லிட்டர்; ஸ்ட்ராங் ஹைப்ரிடுக்கு 265 லிட்டர். ஹோண்டா சிட்டியில் சாதாரண பெட்ரோலுக்கு 506, ஹைப்ரிடுக்கு 306. வீட்டில் இருக்கும் பெரிய சூட்கேசையும் குழந்தையின் ஸ்ட்ரோலரையும் ஷோரூமுக்கே தூக்கிக்கொண்டு போய் வைத்துப் பாருங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

படி 3: 'ஹைப்ரிட்' என்று எழுதியிருப்பதெல்லாம் ஹைப்ரிட் இல்லை

மைல்ட் ஹைப்ரிட், ஸ்மார்ட் ஹைப்ரிட் என்று வருபவற்றில் ஒரு சின்ன மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும். சிக்னலில் அணைத்து, மறுபடி மெதுவாகக் கிளப்பும். தனியாக மோட்டாரால் மட்டும் கார் நகராது. மைலேஜில் கிடைப்பது சொற்பம். நாம் பேசுவது ஸ்ட்ராங் ஹைப்ரிட் பற்றி. அதில் இன்ஜின் முழுக்க அணைந்திருக்க, மோட்டார் மட்டுமே காரை இழுத்துக்கொண்டு போகும். சார்ஜர் கிடையாது, பிளக் கிடையாது. பெட்ரோல் போட்டால் போதும்.

ஒரே பெயரில் இரண்டும் விற்பார்கள். கிராண்ட் விட்டாராவிலும் ஹைரைடரிலும் மைல்ட், ஸ்ட்ராங் இரண்டும் உண்டு. ஹைகிராஸில் ஹைப்ரிடே இல்லாத பெட்ரோல் மாடலும் உண்டு. முன்பதிவுப் படிவத்தில் வேரியன்ட் பெயரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்துக் கையெழுத்துப் போடுங்கள்.

டொயோட்டா முறையில் இன்ஜினையும் இரண்டு மின்மோட்டார்களையும் ஒரு கோள்பற்சக்கரத் தொகுதி இணைக்கிறது. அதை இ-சிவிடி என்பார்கள். சாதாரண சிவிடியில் (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) இருக்கும் பெல்ட் இதில் இல்லை, கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை. ஹைப்ரிட் என்றால் சிக்கலான இயந்திரம், செலவு வைக்கும் என்ற பயம் பரவலாக இருக்கிறது; தேய்ந்து போகும் பாகங்களை எண்ணிப் பார்த்தால் பழைய டர்போ டீசலை விட இதில் குறைவுதான். ஹோண்டா வழி வேறு. நகரத்தில் பெரும்பாலும் இன்ஜின் மின்சாரம் தயாரிக்க, மோட்டாரே சக்கரத்தைச் சுழற்றும். ஹைவே வேகத்தில் மட்டும் ஒரு கிளட்ச் வழியாக இன்ஜின் நேரடியாகச் சக்கரத்தோடு சேரும்.

பேட்டரி பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். டொயோட்டா, மாருதி, ஹோண்டா மூன்றுமே ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் தருகின்றன, எது முதலில் வருகிறதோ அதுவரை. அதற்குப் பிறகு மாற்ற என்ன ஆகும் என்பதை ஷோரூமில் வாயால் சொல்ல விடாதீர்கள். உதிரிபாக விலையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: எந்தக் கார்

இந்தியாவில் தேர்வுகள் இன்னும் குறைவு. அதனால் இந்தப் படி சீக்கிரம் முடிந்துவிடும்.

ஐந்து பேருக்கு: மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர். இரண்டும் உள்ளே ஒரே வண்டி, இரண்டுமே கர்நாடகத்தில் பிடதியிலுள்ள டொயோட்டா ஆலையில் உருவானவை. 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின். அதிகாரபூர்வ மைலேஜ் 27.97. அதே இயந்திரத்தோடு 2025-இல் மாருதி விக்டோரிஸ் வந்தது, அதற்கு 28.65. செடான் பிடிக்கும் என்றால் 2022 முதல் ஹோண்டா சிட்டி இ:ஹெச்இவி. ஓட்டுவதற்கு இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் உயரமான வண்டியிலிருந்து வருபவருக்கு முதல் வேகத்தடையிலேயே முகம் சுளிக்கும்.

ஏழெட்டுப் பேருக்கு: டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ், அதன் மாருதி வடிவமான இன்விக்டோ. 2 லிட்டர் இன்ஜின், அதிகாரபூர்வ மைலேஜ் 23.24. ஒன்றை மறக்க வேண்டாம்: ஹைகிராஸின் நீளம் 4,755 மி.மீ.; ஃபார்ச்சூனர் 4,795. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இடிக்கிறது என்பதற்காக மாறுபவருக்கு அது தீர்வே இல்லை. கிராண்ட் விட்டாரா 4,345 மி.மீ.

இந்த மைலேஜ் எண்களெல்லாம் ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்தவை. ஏசி கிடையாது, போக்குவரத்து கிடையாது, மே மாத வெயில் கிடையாது. கணக்குக்கு நான் 22-உம் 15.5-உம் போட்டது அதனால்தான். இ20 பெட்ரோலும் சேர்ந்துகொள்கிறது: எத்தனாலில் ஒரு லிட்டருக்குள்ள ஆற்றல் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

நான்கு சக்கர ஓட்டம், கேரவன் இழுப்பது, எஸ்டேட் மண் பாதை என்று உண்மையான முரட்டு வேலை இருப்பவர்களுக்கு இந்தப் பட்டியலில் எதுவும் ஈடாகாது. அவர்கள் எஸ்யூவியை வைத்துக்கொள்ளட்டும்.

படி 5: பணம்

2025 செப்டம்பர் 22 முதல் மாறிய ஜிஎஸ்டியைப் புரிந்துகொள்ளாமல் பழைய காணொளிகளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதற்கு முன் பெரிய எஸ்யூவிகளுக்கு செஸ் சேர்த்து 50 சதவீதம், பெரிய ஹைப்ரிட்களுக்கு 43 சதவீதம் வரி. இப்போது இரண்டுக்கும் 40. விலை இரண்டுக்குமே இறங்கியது; எஸ்யூவிக்குத்தான் அதிகம் இறங்கியது. 'ஹைப்ரிடுக்கு வரிச் சலுகை' என்று சொல்லிக்கொண்டிருந்த வாதம் இந்த அளவு கார்களுக்கு இனி செல்லாது.

சாலை வரியிலும் அப்படித்தான். உத்தரப் பிரதேசம் 2024-இல் ஸ்ட்ராங் ஹைப்ரிட்களுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. தமிழ்நாட்டில் சாதாரண பெட்ரோல் காருக்கு உள்ள வரிதான்: 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். இது மொத்த விலைக்கும் பொருந்தும். 19.5 லட்சம் ரூபாய்க் காருக்கு வரி 3.51 லட்சம், 20.5 லட்சம் என்றால் 4.10 லட்சம். சன்ரூஃபுக்கு ஆசைப்பட்டு 20 லட்சக் கோட்டைத் தாண்டும் முன் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். அது போன காசு இல்லை. வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம்.

இனி, எத்தனை வருடத்தில் போட்டது திரும்பும்? உங்கள் எஸ்யூவி 18 லட்சத்துக்குப் போகிறது, ஹைகிராஸ் ஆன்-ரோடு 37 லட்சம் என்று வையுங்கள். கையிலிருந்து 19 லட்சம் போடுகிறீர்கள். வருடத்துக்கு 44,500 மிச்சத்தில் அது இந்த ஜென்மத்தில் திரும்பாது. அதே 18 லட்சத்தோடு 23 லட்சத்தில் முடியும் சின்ன ஹைப்ரிடுக்குப் போனால் கையிலிருந்து 5 லட்சம். நகர ஓட்டத்தில் ஏழெட்டு வருடத்தில் எரிபொருளிலேயே வந்துவிடும். டயர், இன்சூரன்ஸ் மிச்சம் அதற்கு மேல். ஃபார்ச்சூனருக்கு 18 இன்ச்சில் 265 அகல டயர். கிராண்ட் விட்டாராவுக்கு 17 இன்ச்சில் 215. நான்கையும் ஒரே நாளில் மாற்றும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

ஆக, காசு மிஞ்சுவதில் வண்டி சிறிதாவதற்கும் பங்கு உண்டு. ஹைப்ரிட் என்ற ஒரே காரணத்துக்காக நன்றாக ஓடும் எஸ்யூவியைக் கொடுத்துவிட்டு அதே அளவில் இன்னொன்றை வாங்குவதை, காசு மிச்சம் பிடிக்கும் வழி என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள். அமைதியாக இருக்கும், கிளட்ச் இல்லை, கால் வலிக்காது, அதற்காக வாங்குகிறேன் என்றால் சரி, அது நியாயமான காரணம்.

படி 6: டெஸ்ட் டிரைவ்

ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தால் ஒன்றும் தெரியாது. நீங்கள் தினமும் போகும் பாதையில், தினமும் போகும் நேரத்தில், ஏசியைப் போட்டு, வீட்டாரை ஏற்றிக்கொண்டு ஓட்டக் கேளுங்கள். மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, ஓவர்டேக்: டீசல் எஸ்யூவியின் அந்த முதுகில் தள்ளும் இழுவை இதில் இருக்காது. ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதித்தால் இன்ஜின் ஒரே சுருதியில் கத்தும். மூன்று சிலிண்டரில் அது நன்றாகவே கேட்கும். இரண்டு, பிரேக்: மிதியில் மின்பிரேக்கும் சாதா பிரேக்கும் கலந்து வருவதால் கடைசிச் சில அடிகளில் உணர்வு கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். மூன்று, பின்சீட்: முன்னால் இருப்பவர் ஓட்டுவதில் மயங்கிக் கிடக்க, பின்னால் இருப்பவர்தான் உண்மையைச் சொல்வார்.

படி 7: எஸ்யூவியை விற்பது

முதலில் புதுக் காரை முன்பதிவு செய்து, டெலிவரி தேதி ஓரளவு உறுதியான பிறகு பழையதை விற்பதே நடைமுறைக்கு ஏற்றது. ஹைப்ரிட் மாடல்களுக்குக் காத்திருப்பு நீளலாம். இடையில் வண்டியில்லாமல் தவிக்க வேண்டியிருக்கும்.

விலையை மூன்று இடத்தில் கேளுங்கள்: ஷோரூம் எக்ஸ்சேஞ்ச், ஆன்லைனில் வாங்கும் நிறுவனம், நேரடியாக வாங்க வருபவர். எக்ஸ்சேஞ்சில் பழைய வண்டி விலையையும் புதுக் காரின் தள்ளுபடியையும் ஒன்றாகக் குழப்புவார்கள். இரண்டையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வருடம் புரண்டால் வண்டிக்கு ஒரு வயது கூடும் என்பதால் டிசம்பருக்கு முன் முடிப்பது நல்லது.

கடன் முடிந்திருந்தால் வங்கியிடம் என்ஓசி (தடையின்மைச் சான்று) வாங்கி, படிவம் 35 கொடுத்து ஆர்சியில் உள்ள அடமானக் குறிப்பை நீக்குங்கள். நிலுவையில் உள்ள சலான்களைக் கட்டிவிடுங்கள். விற்கும்போது படிவம் 29, 30. வாங்குபவர் வேறு மாநிலம் என்றால் படிவம் 28 வழியாக என்ஓசி. பதிவு பெற்ற பழைய கார் வியாபாரியிடம் கொடுத்தால், 2023 ஏப்ரலில் வந்த விதிப்படி படிவம் 29சி மூலம் 'வண்டியை இவரிடம் ஒப்படைத்துவிட்டேன்' என்று அரசின் வாகன் இணையதளத்தில் பதியலாம். அதற்கு மேல் பொறுப்பு அவருடையது. வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆறு மாதம் கழித்து எங்கோ விபத்து நடந்தால் சம்மன் ஆர்சியில் பெயர் உள்ளவருக்குத்தான் வரும்.

ஃபாஸ்டேக்கை மூடிவிடுங்கள், அது வண்டிக்கானது, புதுக் காருக்கு ஒட்ட முடியாது. காரின் திரையில் சேர்ந்திருக்கும் போன் தொடர்புகள், வீட்டு முகவரி, டேஷ்கேம் கார்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.

படி 8: இன்சூரன்சும் டெலிவரியும்

நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. பழைய நிறுவனத்திடம் என்சிபி கடிதம் வாங்கினால் புதுக் காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும். மூன்று வருடம் வரை அந்தக் கடிதம் செல்லும். ஷோரூமில் தானாக யாரும் இதை ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

பாலிசியில் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் இழப்பீடு தருவது), இன்ஜின் பாதுகாப்பு இரண்டும் இருக்கட்டும். பேட்டரியும் மோட்டாரும் அதில் அடங்குமா என்று குறிப்பாகக் கேளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீரில் நின்ற கார்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டெலிவரி எடுக்கும்போது சேசிஸ் தகட்டில் தயாரிப்பு மாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவுக்கு முன்பே பார்க்க வேண்டும். மாலை போட்டு எலுமிச்சம்பழம் வைத்த பிறகு சொல்லிப் பயனில்லை.

படி 9: முதல் மாதம் கால் பழக வேண்டும்

எஸ்யூவி ஓட்டிய காலோடு ஹைப்ரிடை ஓட்டினால் லிட்டருக்கு 17 தான் வரும், கோபம் வரும். கொஞ்சம் பழக்கத்தை மாற்றினாலே எண் ஏறும்.

கிளம்பும்போது ரொம்ப மெதுவாகக் கிளம்ப வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. இயல்பாக 45, 50-க்கு ஏற்றுங்கள்; பிறகு காலை முழுதாக எடுத்து, மறுபடி லேசாக வையுங்கள். இன்ஜின் அணைந்து 'இவி' விளக்கு எரியும். அந்த நிலையிலேயே சமதளத்தில் கொஞ்ச தூரம் போகலாம். சிவப்பு விளக்கைத் தூரத்தில் பார்த்ததுமே பிரேக்கை மெல்லத் தொடுங்கள். மீட்டரில் முள் 'சார்ஜ்' பகுதிக்குள் இருக்கும்வரை பிடிக்கும் பிரேக்கெல்லாம் பேட்டரிக்குப் போகிறது. கடைசி நொடியில் அழுத்திப் பிடித்தால் அந்த ஆற்றல் பிரேக் டிஸ்க்கில் சூடாகிப் போய்விடும்.

சிக்னலில் நீண்ட நேரம் நிற்கும்போது நியூட்ரலில் போடும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஆகாது. 'டி'யில் வைத்துப் பிரேக்கை மிதித்திருங்கள். நின்றுகொண்டிருக்கும்போதே திடீரென்று இன்ஜின் ஓட ஆரம்பிக்கும். ஏசி மின்சாரத்தில் ஓடுவதால் பேட்டரி இறங்குகிறது, அதை ஏற்றிக்கொள்கிறது. பழுது இல்லை.

இதே காரணத்தால் ஓர் எச்சரிக்கை. 'ரெடி' விளக்கு எரிகிறதென்றால் சத்தமே இல்லாவிட்டாலும் வண்டி ஓட்டத்தில்தான் இருக்கிறது. அப்படியே இறங்கிப் போனால், மூடிய ஷெட்டுக்குள் இன்ஜின் தானாகக் கிளம்பிப் புகை சூழலாம். குழந்தை ஏறி விளையாடினால் இன்னும் ஆபத்து. இறங்கும் முன் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு, திரை இருண்டதா என்று பார்க்கும் பழக்கத்தை வீட்டில் ஓட்டும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

மலைப்பாதைதான் பலருக்கு ஆச்சரியம் தருகிறது. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது பேட்டரி நிரம்பி வழியும் என்று எதிர்பார்ப்போம். நிரம்பும், ஆனால் பாதி வழியிலேயே நிரம்பிவிடும். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் கீழே இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 4.4 யூனிட். வீட்டு மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட்தான். கிராண்ட் விட்டாரா பேட்டரியின் மொத்தக் கொள்ளளவோ 0.76 யூனிட். காற்றிலும் டயரிலும் போனது போக மீதியைப் பிடித்துவைக்கக்கூட இடமில்லை. நிரம்பியதும் மின்பிரேக் ஏறக்குறைய நின்று, சுமை முழுவதும் சாதா பிரேக் மேல் விழும். அதனால் இறக்கம் தொடங்கும்போதே 'பி' நிலைக்கு (ஆங்கில B; பார்க்கிங்குக்கான P அல்ல) மாற்றுங்கள். சில கார்களில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில் இருக்கும். அப்போது இன்ஜின் பெட்ரோல் குடிக்காமலே சுழன்று காரை அடக்கும். சத்தம் கூடும், பயப்பட வேண்டாம். சமதளத்தில் மறக்காமல் 'டி'க்கு வந்துவிடுங்கள்.

படி 10: வைத்துக்கொள்ளும் விதம்

ஹைப்ரிட் பேட்டரிக்குக் குளிர்ச்சி வேண்டும். அதற்கான காற்று கேபினிலிருந்தே போகிறது. மாடலைப் பொறுத்து சீட்டுக்கு அடியிலோ பக்கத்திலோ ஒரு துளைப்பட்டை இருக்கும். டெலிவரியின்போதே அது எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். அதன்மேல் பை, பெட்ஷீட், நாய்ப் படுக்கை எதையும் போடாதீர்கள். உள்ளே வடிகட்டி இருந்தால் சர்வீஸில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வெயிலில் நின்ற கார் என்றால், கிளம்பும் முன் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றுவது பேட்டரிக்கும் நல்லது.

பெரிய பேட்டரியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே இருப்போம். நடுரோட்டில் காலை வாரிவிடுவது பெரும்பாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். அதுதான் கணினிகளை எழுப்பி 'ரெடி' விளக்கை எரியவைக்கிறது. இரண்டு மூன்று வாரம் வெளிநாடு போகிறீர்கள் என்றால், வீட்டில் இருப்பவரிடம் வாரம் ஒரு முறை 'ரெடி' நிலையில் அரை மணி நேரம், திறந்த இடத்தில், வைக்கச் சொல்லுங்கள். ஏசியை மட்டும் போட்டு வைத்தால் போதும், ஓட்டக்கூட வேண்டாம்.

பிரேக் பேடுகள் நீண்ட காலம் உழைக்கும். ஆனால் அதிகம் பயன்படாததால் மழைக்காலத்தில் டிஸ்க்கில் துரு பிடிக்கும். காலிச் சாலையில் அவ்வப்போது நன்றாக அழுத்திப் பிடித்தால் போய்விடும்.

வண்டி நின்றுபோனால் முன்சக்கரம் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழலும். பிளாட்பெட் லாரிதான் வேண்டும் என்று ரோடு சைடு உதவிக்கு அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். தண்ணீர் தேங்கிய சப்வேயில், எஸ்யூவியில் துணிந்து இறங்கிய ஆழத்தை இதில் முயல வேண்டாம். தண்ணீர் புகுந்துவிட்டால் ஸ்டார்ட் செய்து பார்க்காமல் அப்படியே ஏற்றி அனுப்புங்கள். பானட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஓடும் கம்பிகள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. தெருமுனை மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவற்றில் கை வைக்க விடக்கூடாது. கூடுதல் ஹார்ன், ஆம்ப்ளிஃபையர் என்று வயரை வெட்டி ஒட்டும் வேலைக்கும் இதே தடை. உத்தரவாதத்தை மறுக்க நிறுவனம் முதலில் பார்ப்பது அந்த ஒட்டுகளைத்தான்.